முள் இல்லாத ஈயும் கெட்டுப்போன குண்டானும்

மீனை ஏமாற்றத் தூண்டில் முள்ளில் இறகு வைத்துக் கட்டுகிற பொய் ஈ ஒன்றை முடிக்க வெர்லின் ஸ்டக்கிக்கு நாற்பது நிமிஷம் ஆகும். இறகைத் தேர்ந்தெடுக்க மட்டும் அதில் பத்து நிமிஷம். சேவல் கழுத்துத் தோலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து ஒன்றைப் பிடுங்குவான், ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பான், உதட்டைப் பிதுக்குவான், வேறொன்றைப் பிடுங்குவான். பெண் பார்க்கப் போகிறவன்கூட அவ்வளவு யோசிக்க மாட்டான். பிறகு முள்ளை வைஸ் இடுக்கியில் கவ்வவைத்து, தண்டில் வெள்ளி ஜரிகையும் ஊதா ரோமமும் சுற்றி, கழுத்தில் இறகைச் சுற்றி, கரடி மயிரில் சிறகு வைப்பான். தலையில் முடிச்சுப் போட்டு, அதன்மேல் பெண்டாட்டியின் நகப்பாலிஷ் ஒரு சொட்டு. கடைசியாக ஒரு ஊசியால் ரோமத்தைக் குத்திக் குத்திச் சிலுப்பிவிடுவான். பார்த்தால் மழையில் நனைந்த பூனைக்குட்டி மாதிரி இருக்கும். தண்ணீரில் போட்டால் அப்படியே உயிர் வந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் கட்டிங் பிளேயரை எடுத்து, முள்ளின் வளைவை டக்கென்று வெட்டி எறிந்துவிடுவான்.

ஆமாம், மீனைக் குத்துகிற பாகத்தைத்தான். மிஞ்சுவது தூண்டில் நரம்பைக் கட்டுகிற கண்ணும் தண்டும் மட்டும். அதைக் கொண்டுபோய்த்தான் இருபது வருஷமாக எங்கள் ஆற்றில் ஸ்டீல்ஹெட்டுக்குத் தூண்டில் வீசினான். ஸ்டீல்ஹெட் என்பது கடலில் தின்று கொழுத்துவிட்டுப் பிறந்த ஆற்றைத் தேடி ஏறி வருகிற மீன். ஆற்றுக்குள் நுழைந்தபின் அதற்குப் பசி கிடையாது. பசியில்லாததற்குக் கோபமூட்டத்தான் இந்த இறகும் ஜரிகையும். நாள் முழுக்க இடுப்பளவுத் தண்ணீரில் நின்று விறைத்து, ஒரே ஒரு இழுப்பு கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள்.

வெர்லினுக்கு அந்த இழுப்பு போதும். ஏன்டா இப்படி என்று ஒரு தடவை கேட்டேன்.

“மீன் வந்து இழுத்ததும் நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைச்சிருது. அப்புறம் அதைக் கரைக்கு இழுத்துட்டு வந்து என்னத்தக் கேக்கப்போறேன்?”

அவன் பெண்டாட்டி ஆர்லெட் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். “அப்படியெல்லாம் பெருசா ஒண்ணும் இல்ல, கார்வின். எழுபத்தஞ்சுல அவனே வீசி அவன் காதுலயே குத்திக்கிட்டான். டாக்டர் பிடுங்கறப்போ அழுதான். அதுலேர்ந்துதான் இந்த வேதாந்தம்.”

வெர்லின் காதைத் தடவிக்கொண்டான்.

பிழைப்புக்கு அவன் ரம்பம் தீட்டுகிறான். மலையில் மரம் வெட்டுகிறவர்களின் சங்கிலி ரம்பமெல்லாம் அவன் கொட்டகைக்குத்தான் வரும். ஊர் ரம்பத்துக்கெல்லாம் பல் வைக்கிற மனுஷன் தன் முள்ளை மட்டும் பொக்கையாக்குகிறான் என்று சிரிக்காத ஆள் கிடையாது. நானும் சிரித்திருக்கிறேன். நான் மர லாரி ஓட்டுகிறவன். வழியில் அவன் கொட்டகையில் நிறுத்திக் காபி குடித்துவிட்டுத்தான் மலை ஏறுவேன். “இன்னிக்கு மூணு இழுப்பு” என்பான். “யார் பாத்தா?” என்பேன். “மீன் பாத்துச்சு” என்பான். பேச்சு அதோடு முடியும்.

சிக்கல் அந்த ஊதா ஈயால் வந்தது.

அதன் நிறம் வேறு யாருக்கும் வராது. பக்கத்துப் பண்ணை அங்கோரா ஆட்டின் ரோமத்தை வாங்கி வந்து, ஆர்லெட் பீச் பழம் வேகவைத்துப் பாட்டிலில் அடைக்கிற பெரிய எனாமல் குண்டானில் போட்டு, கேட்காமல் கொள்ளாமல் சாயம் காய்ச்சினான். குண்டானில் ஓரிடத்தில் எனாமல் பெயர்ந்து இரும்பு தெரிந்துகொண்டிருந்தது. அந்த இரும்பு சாயத்தோடு சேர்ந்து என்ன செய்ததோ, மழை இறங்குவதற்கு முன்னால் மலை ஒரு நிறத்தில் நிற்குமே, அந்த நிறம் வந்தது. அந்த வருஷம் ஆர்லெட் அடைத்த பீச் பழமும் அதே நிறத்தில் வந்தது. மாதா கோயில் விருந்துக்கு எடுத்துப் போனாள்; ஒருத்தரும் தொடவில்லை. பாதிரியார் மட்டும் ஒரு துண்டு சாப்பிட்டார், இரண்டு நாள் அவர் நாக்கைப் பார்த்து ஊரே சிரித்தது.

அன்றிலிருந்து அந்த ஈக்கு ‘கெட்டுப்போன குண்டான்’ என்று பெயர். வைத்தது ஆர்லெட். திட்டும்போது வைத்த பெயர்தான். ஆனால் அவள் அதை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்பது எங்களுக்கெல்லாம் பிற்பாடுதான் தெரிந்தது.

ஆற்றோரம் ரோவீனா ஒரு கடை வைத்திருக்கிறாள். பெட்ரோல், ரொட்டி, தூண்டில் சாமான், மத்தியானம் சில்லி சூப். அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு தக்கைப் பலகை. இந்த ஆற்றில் பிறந்த ஈக்கள் அதில் வரிசையாக இருக்கும், கீழே ஒரு சீட்டில் ஈயின் பெயரும் கட்டினவன் பெயரும். அந்தப் பலகையில் ஏறினால்தான் அது ஈ. ஏறாதது வெறும் மயிர். ஒவ்வொரு அக்டோபர் கடைசி ஞாயிறும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் புதுசாக ஏற்றுவாள். விதியை ஒரு அட்டையில் எழுதிப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறாள்: ஒரு மீன் கைக்கு வந்திருக்க வேண்டும், கட்டினவன் அல்லாத ஒருவன் பார்த்திருக்க வேண்டும், பார்த்தவன் குடித்திருக்கக் கூடாது.

அந்த வருஷம் அக்டோபர் கடைசி வாரம், வியாழக்கிழமை, நானும் வெர்லினும் சில்லி சாப்பிடப் போனோம். பலகைக்குக் கீழே, ஏற்றப்போகிற ஈக்களை வைக்கிற தட்டில், ஒரு ஊதா ஈ கிடந்தது. முழு முள்ளோடு. சீட்டில் ‘பீலின் அந்திப்பொழுது’ என்று எழுதியிருந்தது.

சான்ஃபோர்ட் பீல் போர்ட்லாந்து நகரத்தில் தரைவிரிப்புக் கடை வைத்திருந்து, அதை விற்றுவிட்டு, ஆற்றுக்கு மேல் வீடு கட்டிக்கொண்டு வந்தவர். கோடையில் வெர்லின்தான் அவருக்கு இரண்டு ஈயும் ஒரு கைப்பிடி ரோமமும் கொடுத்தான். யார் கேட்டாலும் கொடுப்பான். அவர் அதைப் பார்த்துத் தானே ஒன்று கட்டி, மீனும் பிடித்துவிட்டார்.

வெர்லின் கரண்டியைக் கீழே வைத்தான்.

“ரோவீனா, அது என் ஈ.”

“தெரியும்.”

“அப்புறம் எப்படி அவர் பேரு?”

“அவர் மீன் பிடிச்சாரு. நீ பிடிச்சியா?”

“இந்த வருஷம் மட்டும் முப்பத்தாறு—”

“இழுப்புக் கதை வேண்டாம். மீன் சொல்லு.”

வெர்லின் சில்லிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தான்.

“நீதான் கட்டினேன்னு ஊருக்கே தெரியும். ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள ஒரு மீன், ஒரு சாட்சி. உன் பேரைப் போடறேன். இல்லன்னா அவர் பேரு. அட்டையில என்ன இருக்கோ அதான்,” என்றாள் ரோவீனா.

“நான் சாட்சி,” என்றேன்.

“நீ குடிக்காம இருக்கணும்.”

“ஞாயித்துக்கிழமை காலையிலயா? ஏன், முடியாதா?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் போய்ச் சொன்னதும் ஆர்லெட் கையிலிருந்த துணியை மேசையில் அடித்தாள். “அந்திப்பொழுதா? என் குண்டான் பாழாப் போச்சு, பாதிரியார் நாக்கு ஊதாவாச்சு, ஊர் சிரிச்சது என்னைப் பாத்து. இப்போ அந்தாளு வந்து அந்திப்பொழுதுங்கறாரா? வெர்லின், நீ ஒரு மீனோட வரலன்னா, இனிமே அந்தக் கொட்டகையிலயே சமைச்சுக்க.”

வெள்ளிக்கிழமை மழை கொட்டியது. ஆறு காபி நிறத்தில் ஓடியது. வீச முடியாது. சனிக்கிழமை நீர் வடிய ஆரம்பித்தது. அன்று சாயங்காலம் அவன் கொட்டகையில் உட்கார்ந்து, இருபது வருஷத்தில் முதல் தடவையாக முள்ளோடு ஒரு ஈ கட்டினான். கலங்கல் தண்ணீருக்குக் கொஞ்சம் பெரிய முள். இறகுக்கு அன்று பதினைந்து நிமிஷம் ஆனது. நான் பக்கத்தில் உட்கார்ந்து என் லாரியின் பிரேக் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பாலிஷ் வைத்தான், சிலுப்பினான். பிறகு தலை நிமிராமல் என் பக்கம் கையை நீட்டினான். நானும் எத்தனையோ வருஷமாகச் செய்கிற மாதிரி கட்டிங் பிளேயரை எடுத்து அந்தக் கையில் வைத்தேன்.

டக்.

வளைவு பறந்துபோய்க் காபி டப்பாவுக்குள் விழுந்த சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

“என்னடா பண்ணினே?” என்றான்.

“நீ என்னடா பண்ணினே?”

“நீ ஏன்டா குடுத்தே?”

“நீ ஏன்டா கேட்டே?”

இரண்டாவது ஈ கட்டும்போது பிளேயரை நான் லாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். அது தப்பித்தது. ஆர்லெட் வந்து விளக்குக்கு நேரே பிடித்து முள்ளைப் பார்த்தாள். இருபது வருஷத்துக்குப் பிறகு அவள் புருஷன் கட்டிய ஈ ஒன்று யாரையாவது குத்தும் நிலையில் இருந்தது. மரியாதையாகக் கீழே வைத்தாள்.

ஞாயிறு காலை எட்டரை மணிக்குக் கோணல் பாறை மடுவில் இறங்கினோம். அது வெர்லினின் மடு. இருபது வருஷமாக ஒரே இடத்தில்தான் இறங்குகிறான். அவனுக்குப் பின்னால் கரையில் பெரிய ஆல்டர் மரம், தண்ணீர்மேல் கவிந்து நிற்கும். நான் அதன் அடியில் ஒரு கட்டையில் உட்கார்ந்துகொண்டேன், காபி குடுவையோடு. வெறும் காபி.

முதல் வீச்சுக்குத் தூண்டில் கம்பைப் பின்னால் ஓங்கினான். என் தொப்பி தலையைவிட்டுக் கிளம்பி ஆற்றுக்குமேல் பறந்து நடுவில் போய் விழுந்தது.

“தொப்பியைக் கழட்டிட்டு உக்கார மாட்டியா?” என்று கத்தினான்.

நனைந்த தொப்பியை முள்ளிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு இரண்டாவது தடவை ஓங்கினான். இந்தத் தடவை கம்பு முன்னால் வந்தது, நரம்பு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தோம். ஈ ஆல்டர் மரத்தில், பன்னிரண்டு அடி உயரத்தில், ஒரு கிளையில் ஊதாப் பழம் மாதிரி உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் எங்கள் மூளைக்கு எட்டியது. இருபது வருஷமாக அவன் ஒவ்வொரு வீச்சிலும் அந்த மரத்தை அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். முள் இல்லாததால் ஈ இலையைத் தடவிவிட்டு வழுக்கி வந்துவிடும். அவனுக்குத் தெரிந்ததே இல்லை. மனுஷனுக்குப் பின்வீச்சே வராது.

“ஏறி எடு,” என்றான்.

“என் எடை தெரியுமா உனக்கு?”

“எனக்கு முட்டி சரியில்ல.”

நெஞ்சுவரைக்கும் ரப்பர் கால்சட்டையோடு நான் ஏறினேன். நான்கடி ஏறியதும் கிளை முறிந்தது. நான் தண்ணீரில் விழுந்தேன், முறிந்த கிளை என்மேல் விழுந்தது, நரம்பு அறுந்தது. ஈ மட்டும் மேலே அப்படியே இருந்தது.

அந்த நேரத்தில்தான் சான்ஃபோர்ட் பீல் மேல்கரையில் வந்து நின்றார். எங்கள் ஆற்றில் ஒரு மரியாதை உண்டு: மடுவில் ஒருவன் இருந்தால் அவனுக்குக் கீழே இறங்கக் கூடாது. மேலே இறங்கி, வீசி வீசி, இரண்டிரண்டு அடியாக அவன் பின்னால் வரவேண்டும். அதை அவர் மீறினதே இல்லை.

“காலை வணக்கம். மேலேருந்து இறங்கலாமா? குளிக்கிறவங்களுக்கு இடைஞ்சல் இல்லையே?” என்றார், என்னைப் பார்த்துக்கொண்டே.

“தாராளமா இறங்குங்க,” என்றேன், வாயிலிருந்த ஆற்றைத் துப்பிவிட்டு.

வெர்லின் தன் பெட்டியைத் திறந்தான். அறுபது ஈ இருந்தது. அறுபதும் பொக்கை. மணி ஒன்பதரை. எந்த ஈயை எடுத்தாலும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. அவன் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தான். ஒன்றை எடுத்தான், வெளிச்சத்தில் பிடித்தான், வைத்தான்.

“எதுக்குடா இவ்வளவு யோசனை? எதிலயும் முள் இல்ல!”

“மீனுக்கு அது தெரியாதுல்ல?”

கடைசியில் இருப்பதிலேயே பெரியதாக, மிகவும் சிலிர்த்துக்கொண்டிருந்த ஒன்றை எடுத்தான். தண்ணீர் இன்னும் கலங்கலாக இருக்கிறது, உடம்பு பெரிதாக இருந்தால்தான் கண்ணில் படும் என்றான். கட்டினான், வீசினான். ஈ மரத்தைத் தடவிக்கொண்டு ஒழுங்காக வந்தது.

வீச்சு, இரண்டு அடி. வீச்சு, இரண்டு அடி. மேலே சான்ஃபோர்டும் அப்படியே. நான் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தேன். பதினொரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வெர்லினின் நரம்பு நின்றது. பிறகு நரம்பு சுற்றியிருந்த ரீல் கத்தியது.

மீன் நடு ஆற்றில் எழும்பியது. என் கை நீளம், வெள்ளிப் பாத்திரம் கழுவி வைத்த மாதிரி. வழக்கமாக அவன் மீன் ஒரு துள்ளல் துள்ளும், ஈயைத் துப்பும், போய்விடும். இது இரண்டாவது தடவையும் துள்ளியது. மூன்றாவது தடவையும்.

“துப்ப மாட்டேங்குது, கார்வின்!” அவன் குரல் உடைந்தது. “ஏன் துப்ப மாட்டேங்குது?”

“எனக்கென்ன தெரியும்? பிடிச்சுக்க!”

“எப்படிப் பிடிக்கறது? எனக்கு இதுக்கு மேல தெரியாதே!”

உண்மைதான். இருபது வருஷமாக அவனுக்கு ஆரம்பம் மட்டும்தான் பழக்கம். மீன் கீழே ஓடினால் கம்பை நீட்டிக்கொண்டு நின்றான், திரும்பி வந்தால் பயந்து பின்னால் நகர்ந்தான்.

மேலேயிருந்து சான்ஃபோர்ட் தன் நரம்பைச் சுருட்டிக்கொண்டார். அடுத்தவன் மீன் ஓடும்போது வழிவிடுவதும் மரியாதை. “கம்பைத் தூக்குங்க! தூக்கிட்டுக் கரைக்கு நடங்க!” என்று அவரே கத்தினார். கத்திய பிறகுதான் தான் யாருக்கு உதவுகிறோம் என்று அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், வாயைப் பொத்திக்கொண்டார்.

பதினைந்து நிமிஷம் ஆனது. ஆழமில்லாத கூழாங்கல் பக்கம் மீன் சாய்ந்தது. நான் முட்டிபோட்டு வாலைப் பிடித்தேன், மற்றொரு கையை வயிற்றுக்கடியில் கொடுத்தேன். வாயைப் பார்த்தேன். சிலுப்பிவிட்ட ஆட்டு ரோமம் அதன் பல்லிலெல்லாம் சிக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. துப்ப முடியாமல் அந்தப் பிராணி என்னைவிடக் கேவலமான முகத்தோடு இருந்தது. மெல்லப் பிரித்து எடுத்தேன். அது ஒரு நொடி என் கையில் நின்றது, வாலால் என் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டுப் போனது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கடைக்குள் நுழைந்தோம். ஆர்லெட் ஏற்கெனவே அங்கே இருந்தாள், மாதா கோயில் உடுப்போடு. எங்களுக்குப் பின்னாலேயே சான்ஃபோர்ட் வந்தார்.

“மீன் கைக்கு வந்துச்சு. நான் பாத்தேன். குடிக்கல,” என்றேன்.

“எதுல?” என்றாள் ரோவீனா.

வெர்லின் ஈயை மேசைமேல் வைத்தான். ரோமத்தில் இன்னும் மீன் வழவழப்பு இருந்தது. ரோவீனா குனிந்து பார்த்தாள். “முள் எங்க?”

“இல்ல.”

“முள் இல்லாம மீனா? கார்வின், ஊது பாப்போம்.”

அவள் மூக்கருகில் ஊதினேன். காபி. அவளுக்கு அதுவும் நம்பிக்கை வரவில்லை. நான் போன வருஷம் சொன்ன கரடிக் கதை ஒன்று இருக்கிறது. அதை இங்கே இழுக்க வேண்டியதில்லை, ஆனால் அவள் இழுத்தாள். அப்புறம் சான்ஃபோர்ட் பக்கம் திரும்பினாள். “நீங்களும் அங்கதான் இருந்தீங்களா?”

அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும். இல்லை, நான் வேறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால் போதும். ஆர்லெட் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முள் இல்லாதது ஈயே இல்லங்கறது என் அபிப்பிராயம்,” என்றார் சான்ஃபோர்ட்.

“அட்டையில முள்ளுன்னு எங்கயும் இல்ல,” என்றாள் ஆர்லெட். “படிச்சுப் பாருங்க. கண்ணாடி வேணுமா?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிஜமாகவே அட்டையை இரண்டு தடவை படித்தார். பிறகு கழட்டினார்.

“பாத்தேன்,” என்றார். “மீன் கைக்கு வந்துச்சு. இந்த மூணு வருஷத்துல நான் பாத்த மீன்லயே அழகான மீன் அது. பாக்காம இருந்திருக்கலாம்னு வழியெல்லாம் நெனச்சுட்டே வந்தேன்.” தட்டிலிருந்த தன் சீட்டை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “ஆனா ஒண்ணு. நல்ல பேரா வையுங்க. கெட்டுப்போன குண்டான்னு ஒரு பேரா?”

வெர்லினுக்கு மனசு இளகிவிட்டது. அவனுக்கு எப்போதும் அப்படித்தான். “அவர் சொல்றதும் சரிதான். வேணும்னா அந்தி குண்டான்னு—”

“வெர்லின்,” என்றாள் ஆர்லெட்.

“கெட்டுப்போன குண்டான்,” என்றான் வெர்லின் ரோவீனாவிடம். “கெட்டுப்போனதையும் விடாம எழுது.”

ரோவீனா எழுதினாள். ஈயை எடுத்துப் பலகையில் அழுத்தினாள். கீழே விழுந்தது. மற்ற ஈக்களெல்லாம் தங்கள் முள்ளாலேயே தக்கையில் குத்திக்கொண்டு நிற்கின்றன. இதற்குக் குத்த எதுவுமில்லை. மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை சில்லி சட்டிக்குள் விழுந்தது. கரண்டியால் எடுத்து, கழுவி, ஈயின் கண்ணுக்குள் ஒரு குண்டூசியை விட்டு அடித்து நிறுத்தினாள்.

சான்ஃபோர்ட் எல்லாருக்கும் ஆளுக்கொரு துண்டு ஆப்பிள் பை வாங்கிக் கொடுத்தார். ஆர்லெட் அவருக்கு ஒரு பாட்டில் பீச் பழம் தருகிறேன் என்றாள். எந்த வருஷத்துப் பழம் என்று அவர் கேட்டார்.

மறுநாள் திங்கள்கிழமை. லாரிக்கு டீசல் போட நான் கடையில் நின்றபோது ரோவீனா என்னைக் கூப்பிட்டு, உன் சிநேகிதனுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டாள். காலையிலிருந்து ஆறு தடவை வந்துவிட்டானாம். ஒவ்வொரு தடவையும் அடுப்புக்கு முன்னால் நின்று பலகையைப் பார்த்துவிட்டு, அவள் கவனிக்கிறாள் என்று தெரிந்ததும் ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு போனானாம்.

வெர்லினுக்குப் புகைபிடிக்கிற பழக்கம் கிடையாது.